யாரு கடேசி?

ஒரு இடத்தில் நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றால் போதும், அக்காவின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்க மாட்டார். நேராகப் போய், "யாரு கடேசி?" என்பார். கடைசி ஆள் கையைத் தூக்கியதும் அந்த முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றுகொள்வார். அதன் பிறகுதான் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டில், வேர்க்கடலைப் பொட்டலம், குரோஷா பின்னல் ஊசி, நூல்கண்டு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நான் அப்படியே நேர்மாறு. வரிசை என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கவாட்டில் நுழைய வழி இருக்கிறதா, தெரிந்தவர் யாராவது முன்னால் நிற்கிறார்களா என்று பார்க்கிற ரகம். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்த வேலையே வரிசைக்கு எதிரில் உட்காருகிற வேலை. பெங்களூரில் நீலசந்திராவை ஒட்டி, கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் வாங்குகிற ஒரு மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை முதலில் பார்த்ததும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். பில் கட்டக் கடைசி நாள், கூட்டம் தெருவரை நின்றது. அந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டது. நான் வழக்கம்போல 'சர்வர் டவுன்' என்று கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அப்போதுதான் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் குனிந்து, பணம் வாங்குகிற ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எப்பம்மா வரும்?"

"தெரியாதுக்கா."

"நெசமாவே தெரியாதா?"

"நெசமாவே தெரியாது."

"அப்ப சரி. தெரியாதுன்னு சொல்றவங்கள நம்பலாம். நாங்க இருந்த ஊர்ல 'இதோ அஞ்சு நிமிசம்'னுதான் சொல்லுவாங்க. அந்த அஞ்சு நிமிசம் மறுநாள் வரைக்கும் ஓடும்" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் ஆளுக்கு ஒரு சாமான கீழ வையுங்க. செருப்போ, கொடையோ, இன்னாவோ. சாமானு நிக்கட்டும், நாம போயி நெழல்ல ஒக்காருவோம்." யார் இந்த அம்மாள், இவர் சொன்னால் நாம் ஏன் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹெல்மெட், டிபன் பை, ஒற்றைச் செருப்பு, தாத்தா ஒருவரின் கைத்தடி என்று தரையில் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் சர்வர் எழுந்தபோது அவரவர் சாமானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நான் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்தில் அப்படி ஒரு நாளைப் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது, அவர் எங்கள் காம்பவுண்டிலேயே மாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார் என்று. தெரு அதற்குள் பெயர் வைத்துவிட்டிருந்தது: ஆப்பிரிக்கா அக்கா.

பிறந்தது கோலார் தங்கவயல். அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். பூமிக்குள் எந்நேரமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், அதை இறைத்து மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்கம் மூழ்கிவிடும். அந்த வேலை. தங்கவயல் மூடியதும் அவர் ஜிம்பாப்வே போனார். அங்கேயும் தங்கச் சுரங்கம், அங்கேயும் அதே பம்ப். பிறகு அக்காவையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் அழைத்துக்கொண்டார். மகள் வளர்ந்து நர்சிங் படிக்க வேண்டிய வயது வந்தபோது அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். வீட்டுக்காரர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் அக்காவைப் பார்த்தபோது அந்த அடுத்த மாதம் கடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஜிம்பாப்வே என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது கோடி கோடியாக மதிப்புப் போட்டு அச்சடித்த அந்தப் பெரிய நோட்டைப் பற்றித்தான். எத்தனை சைபர், வைத்திருக்கிறீர்களா, காட்டுங்கள் என்பார்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சு அலுத்துப்போயிருந்தது. "நோட்டு இருந்துச்சு. ரொட்டி இல்ல. இத்தான் கதை" என்று முடித்துவிடுவார். அவர் விரும்பிச் சொன்ன கதை வேறு. ஒருநாள் அந்த அரசாங்கம், நாளையிலிருந்து எல்லாக் கடையிலும் எல்லாச் சாமானும் பாதி விலைக்கு விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. விற்காத கடைக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். அக்காவும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார்.

"லைனு கடையச் சுத்தி பின்பக்கம் போயி மறுபடியும் முன்னால வந்துடுச்சும்மா. என் முற வர்றப்ப உள்ள இன்னா இருந்துச்சு தெரியுமா? தரைக்குப் போடற செவப்புப் பாலீசு. ரெண்டு டப்பா. வேற ஒண்ணியும் இல்ல."

"வாங்குனீங்களா?"

"வாங்காம? நின்னேனே. அன்னிக்கு வீட்டுத் தரை பளபளன்னு இருந்துச்சு, அடுப்புல பூனை தூங்குச்சு."

அதற்குப் பிறகு பல மாதம் அந்தக் கடைகளின் அலமாரிகள் வெறுமையாகவே இருந்தனவாம். பாதி விலைக்கு விற்றவன் மறுபடி எதைக் கொண்டு சரக்கு வாங்குவான்? சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, களி கிண்டும் சோளமாவுக்கு வரிசை, பேங்கில் தன் பணத்தைத் தானே எடுப்பதற்கும் வரிசை. நடுவில் சில வருடம் நிலைமை கொஞ்சம் தேறியதாம். பிறகு மறுபடியும் புது நோட்டு, புது உத்தரவு, பழைய வரிசை. ஒரு நாடு எப்படி நொடித்துப்போகிறது என்று பேப்பரில் பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி புரியாது. அக்கா சொன்னது மட்டும் புரிந்தது. "லைன உண்டாக்கறவங்க யாரும் லைன்ல நின்னதில்லம்மா. நின்னிருந்தா உண்டாக்க மாட்டாங்க."

இப்படிச் சொல்லும்போது அவர் குரலில் வசவு இருக்காது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த மந்திரியை இழுத்து வந்து சோளமாவு வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டாமா என்பேன். "நிறுத்துனா நம்ம பின்னாலயா நிப்பான்? முன்னால பூந்துட்டு, நம்மளப் பாத்து ஏன் தள்றேன்னு கேப்பான்" என்று சிரிப்பார்.

அந்த ஊர் அவர் உடம்பில் இறங்கிவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவரைத் துணி எடுக்க மல்லேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாவது கிராஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நீளமாக ஒரு வரிசை. நான் கைப்பையில் சில்லறை தேடி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அக்காவைக் காணோம். பார்த்தால் வரிசையின் கடைசியில் நிற்கிறார், ஊசியும் நூலும் கையில்.

"அக்கா, எதுக்குன்னே தெரியாம நிக்கறீங்களே!"

"மொதல்ல நில்லு, அப்புறம் கேளு. கேட்டுக்கினு இருந்தா பத்துப் பேரு முன்னால பூந்துடுவாங்க."

முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன். டிவி பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டு, வாங்கக்கா போலாம் என்று இழுத்தேன். அவர் அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்கிறார். அதுவரை நகர்ந்தது ஏழெட்டு அடி. கடைசியில் உள்ளேயும் போய்விட்டார். அட்டை பிடித்துக்கொண்டிருந்த பையன் இவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏனு ஹாடுத்தீரா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறான். என்ன பாடுவீர்கள் என்றதும் இவர் கொஞ்சம்கூட மிரளவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் சோளம் இடிக்கும்போது பாடுகிற பாட்டு ஒன்றை, கையால் இடித்துக் காட்டிக்கொண்டே நாலு வரி பாடிவிட்டார். வெளியே வரும்போது கையில் ஒரு ஜூஸ் பாக்கெட்.

"எடுத்துக்கலையாம். ஆனா வந்ததுக்கு ஜூஸ் குடுத்தாங்க" என்று ஸ்ட்ராவை என் பக்கம் நீட்டினார். நான் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஊரெல்லாம் போர்வெல் வற்றிய அந்தக் கோடை வந்தது. எங்கள் தெருவில் டேங்கர் நின்றதும் குடங்கள் பறக்கும், தலைமுடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கும். டேங்கர் வரத் தொடங்கிய மூன்றாம் நாளே அக்கா குடங்களை வரிசையில் நிறுத்திவிட்டார். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக் குடம் முதலில், மற்றதெல்லாம் வந்த முறைப்படி. எங்கள் தெருவில் லீடர் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஒரு அண்ணன் உண்டு. ஒருநாள் அவர் பெரிய நீல டிரம் ஒன்றை உருட்டி வந்து குழாய்க்கு நேராக நிறுத்தினார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா எழுந்து போனார்.

"அண்ணா, டிரம்மு அவசரத்துல மொத எடத்துக்கு வந்துடுச்சு. நீங்க சிரமப்படாதீங்க, நானே உருட்டிக்கினு போறேன்."

உருட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வைத்தார். திரும்பி வந்து, அதற்கு முன்னால் இருக்கும் குடம் யாருடையது என்று அவருக்குக் காட்டி, "இந்த மொகத்த ஞாபகம் வெச்சுக்குங்க, இவங்களுக்கு அப்புறம் நீங்க" என்றார். அண்ணன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் டிரம்முக்கும் தண்ணீர் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டால் அக்காவைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அதே கோடையில் டேங்கர் வராத ஒருநாள் வந்தது. வழியில் லாரி பழுது, இன்றைக்கு வராது என்று டிரைவரே போன் செய்து சொல்லிவிட்டான். எல்லோரும் குடங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வேலை முடிந்து சாயங்காலம் வரும்போது தெருமுனையில் அக்கா மட்டும் நிற்கிறார். காலுக்குப் பக்கத்தில் அவருடைய ஒரே ஒரு குடம். வெயிலில் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "வராதுன்னு சொல்லிட்டான், இல்லையா? ஊரே போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் என்ன?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அவர் குடத்தின் மேல் உட்கார்ந்தார். "அங்க ஒருவாட்டி சோளமாவுக்கு நின்னேன். விடிஞ்சதுலேர்ந்து. பாப்பாவுக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுன்னு பக்கத்து வீட்டம்மா ஓடியாந்து சொன்னாங்க. வெயில் சாயற வரைக்கும் நின்னவ, போதும்னு கெளம்பிட்டேன். நான் தெருவுல திரும்பறேன், லாரி உள்ள வருது. அந்த வாரம் பூரா எங்க வீட்ல மாவு இல்ல. வேகவெச்ச கீரைத் தண்ணியக் குடுத்துதான் அவளத் தேத்துனேன்." கையிலிருந்த நூலை விரலில் சுற்றினார். "நிக்கறதுக்கு எனக்குத் தெரியும்மா. எப்ப கெளம்பறதுன்னுதான் தெரியல."

குடத்தை நான் தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

வீட்டுக்காரர் விஷயமும் இதே கதைதான் என்று மெல்லத்தான் புரிந்தது. தினமும் சாயங்காலம் அவர் போன் செய்வார், அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், காம்பவுண்டு முழுக்கக் கேட்கும். அந்தச் சுரங்கத்தை அங்கத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நடத்தத் தெரியாமல் மூடி வைத்திருந்தது. சீக்கிரம் திறப்போம், வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறிவிட்டால் எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காது. அதனால் அவரும் அந்த ஊர் ஆட்கள் சிலரும் பம்பை மட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இருந்தால் கரண்டில், இல்லாவிட்டால் கிடைத்த டீசலில்.

"இவரு இல்லன்னா ஓடாதாக்கா?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆனா தங்கவயல்ல பம்ப நிறுத்துன அன்னிக்கு இவருதான் டூட்டி. ஷாஃப்டுக் குழிக்குள்ள தண்ணி ஏறற சத்தத்தக் கேட்டுக்கினே மேல வந்தவரு. இன்னொருவாட்டி கேக்க மாட்டேங்கறாரு."

மகளுக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்து, கூட வேலை செய்கிற பையனோடு கல்யாணமும் நிச்சயமானது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சர்ச்சுக்குள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன், அப்பா வராவிட்டால் தேதியைத் தள்ளிவைத்துவிடுங்கள் என்றுவிட்டாள். தன் சம்பளத்தில் அவருக்கு டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். ஸ்பீக்கரில் அவர் "கட்டாயம் வரேன்டா" என்றதை நான் என் காதால் கேட்டேன். அக்கா அந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தார். வீட்டுக்காரருக்கென்று நீல நிறத்தில் சட்டைத் துணி எடுத்தார். குழம்புக்குப் போடும் கருவாட்டைக்கூட எங்கே வாங்குவது என்று என்னோடு விவாதித்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், ஒரு மத்தியானம், நானும் அக்காவும் அவரை அழைத்துவர ஏர்போர்ட் போனோம். மகளுக்கு டூட்டி, லீவு கிடைக்கவில்லை. வெளியே வருகிற இடத்தில் கம்பித் தடுப்பு. பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களிடம் போய், "யாரு கடேசி?" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வயதான டிரைவர் மட்டும், "இங்கே லைன் கிடையாதும்மா, எங்கே வேணும்னாலும் நில்லுங்க" என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கம்பியின் ஓரத்தில் ஒரு இடம் பார்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி, நூல் எதுவும் வெளியே வரவில்லை.

வீட்டுக்காரர் மாறி ஏறி வர வேண்டிய மும்பை விமானத்தில் வந்தவர்கள் தள்ளுவண்டியோடு வர ஆரம்பித்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், போனார்கள். அட்டை பிடித்தவர்கள் அவரவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டிகள் வருவது நின்றது. மகள் போன் செய்தாள். "வந்துட்டாராம்மா?" "இல்லடா, வர்றாங்க ஆளுங்க" என்றார் அக்கா. அடுத்த விமானத்து ஜனமும் வந்து தீர்ந்தது. அதன் பிறகுதான் வீட்டுக்காரரின் போன் வந்தது. பழக்கம் போல அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

அவர் சுரங்கத்தில்தான் இருந்தார். பின்னால் மனிதர்கள் கத்துகிற சத்தம் கேட்டது. கரண்ட் போர்டு சுரங்கத்துக்குப் போகிற லைனை வெட்டிவிட்டதாம், சுரங்கம் பாக்கி வைத்திருக்கிறது என்று. இரண்டுமே அரசாங்கத்துடையது. இந்தக் கை அந்தக் கையை வெட்டியிருக்கிறது. முந்தாநாள் பஸ் ஏறப் போனவர் விஷயம் கேட்டுத் திரும்பி ஓடியிருக்கிறார். கரண்ட் இல்லாமல் அவர் போனும் அணைந்து கிடந்ததாம்.

"தண்ணி ஏறுதும்மா. ரெண்டு நாளு டீசல்ல ஓட்டிட்டா போதும். வியாழக்கெழம மந்திரி வந்து பாக்கறாராம், திறக்கப் போறாங்களாம். அப்புறம் ஒடனே கெளம்பிடுவேன். கல்யாணத்த ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமா பாரு."

"மந்திரி வர்றாருன்னு யாரு சொன்னாங்க?"

"ரேடியோல சொன்னாங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அழுவார் என்று நினைத்தேன். எனக்கு அந்த மனிதன் மேல் கோபமா, அந்த மந்திரி மேல் கோபமா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவின் குரல் உடையவில்லை.

"தள்ள முடியாதுங்க. வர்ற சனிக்கெழம கல்யாணம். நான் அவ கையப் புடிச்சிக்கினு நடக்கறேன்."

"கொஞ்சம் பொறும்மா..."

"பொறுக்கறதுக்கு இன்னாங்க, நான் வீட்ல பொறுத்துக்கறேன். நீங்க வர்றப்ப கதவு தெறந்துதான் இருக்கும். இப்பிடி வெளிய வந்து நிக்க மாட்டேன், அவ்ளோதான். சாப்புட்டீங்களா? சாப்புடுங்க."

போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நான் மேலே இருந்த திரையைப் பார்த்தேன். மும்பையிலிருந்து இன்னொரு விமானம் இறங்கியிருந்தது. வரிசை என்றாலே ஓடுகிற எனக்கு அப்போது அந்த இடத்தை விட்டு நகர மனமே வரவில்லை. வீட்டுக்காரர் மனசு மாறி நாளைக்கே கிளம்பலாமே, ரேடியோ சொன்னது நிஜமாகவே இருக்கலாமே என்றெல்லாம் தோன்றியது.

"அக்கா, இன்னொரு ஃபிளைட் வந்திருக்கு. இருந்து பாத்துட்டுப் போலாமே."

"அதுல அவரு இல்லம்மா. நட, துணி தைக்கக் குடுத்தது வாங்கணும்."

கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். கதவு திறக்கிற சத்தம், புதிதாக வந்தவர்களின் பேச்சுச் சத்தம் எல்லாம் பின்னால் கேட்டது. அவர் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.